மலையின் சீசன் வேறு, கடலின் சீசன் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் ஸ்நார்க்கெலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, நீரில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது), சர்ஃபிங் (பலகைமேல் நின்று அலையில் சறுக்குவது) ஆகியவற்றுக்குச் செல்ல ஏற்ற கடலோர ஊர்கள் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான பட்டியலில், இலங்கையின் ஹிக்கடுவையும் இடம்பெற்றிருந்தது. ஊரைப் பற்றிச் சொல்லியிருந்தவற்றில் பிழை ஏதும் இல்லை; போகச் சொன்ன மாதம்தான் பிழை. அதை என் கைப்பணத்தைச் செலவழித்துத் தெரிந்துகொண்டவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நீலகிரியில் வாழும் எங்களுக்குச் சீசன் என்றால் ஏப்ரல், மே மாதங்கள்தாம். கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி என்று ஊரே நிரம்பி வழியும். 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்த பிறகும், அந்த மாதங்களில் கடைவீதிக்குப் போய்த் திரும்புவதற்குள் அரைநாள் கழிந்துவிடுகிறது. ஊரார் எல்லாரும் இங்கே வரும்போது நாம் எங்கேயாவது போய்விடலாம் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தோன்றுவதும் அப்போதுதான். பள்ளி ஆசிரியனான எனக்கு வேறு மாதங்களில் சேர்ந்தாற்போல ஒரு வாரம் விடுப்புக் கிடைப்பதும் அரிது. எனவே கோவையில் ஒரு பயண முகவர் "மே மாதம் அங்கே நல்ல சீசன்" என்று சொன்னதை நம்பி, மூன்றாம் வாரத்தில் மனைவி, மகள், மகனுடன் ஹிக்கடுவைக்குப் புறப்பட்டேன். என் தந்தை 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கு வந்து, இங்கும் தேயிலையிலேயே உழைத்து ஓய்ந்தவர். கப்பலேறிய நாளைத் தவிர அந்த நாட்டின் கடலை அவர் பார்த்ததே இல்லை என்பதால், அந்தப் பயணத்தில் எனக்கு வேறு ஓர் ஆசையும் இருந்தது.

ஹிக்கடுவை கொழும்பிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், காலி மாவட்டத்தில் உள்ளது. கரையை ஒட்டியே பவளப்பாறை இருப்பதால் இடுப்பளவு நீரில் நின்று முகத்தை அமிழ்த்தினாலே மீன் கூட்டத்தைக் காணலாம் என்பதும், அதற்குச் சற்றுத் தள்ளி சர்ஃபிங்குக்கு ஏற்ற அலைகள் எழுகின்றன என்பதும் அந்த ஊரின் தனிச்சிறப்பு. அப்பகுதி 1979இல் கடல்சார் சரணாலயமாகவும் 2002இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் வெளுத்துப் பெரும்பகுதி மடிந்தன. மிஞ்சியவற்றையும் காலால் மிதிக்கக் கூடாது என்று படகுக்காரர்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நாங்கள் போனபோது கண்ணாடி அடித்தளப் படகுகளில் பாதி கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், விளங்கவில்லை. முகமூடியின் ரப்பர் விளிம்புக்குள் என் மீசை புகுந்துகொண்டதால் நீர் கசிந்து மூக்குவரை ஏறியது. படகுக்காரர் மீசையில் வாசலின் தடவிவிட்டார். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உட்புறம் எச்சிலைத் துப்பித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று அவர் செய்து காட்டியபோது என் மனைவி முகம் சுளித்தார். இத்தனையும் முடித்து நீருக்குள் முகத்தை அமிழ்த்தியபோது நான் கண்டது, பால் கூடுதலாக ஊற்றிய தேநீரின் நிறம். நீட்டிய கையின் விரல்கள் எனக்கே தெரியவில்லை. மூடுபனி நாளில் கோடநாடு காட்சிமுனைக்கு வந்து, வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் சமவெளி விருந்தினர்களைக் கண்டு நான் பலமுறை உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

இதில் முகவரை மட்டும் குறைகூறி என்ன பயன்? ஜூலையில் வருவதாகச் சொல்லும் உறவினர்களிடம், "மழைக்காலம், மண் சரியும், வராதீர்கள்" என்று தொலைபேசியிலேயே தடுத்துவிடுகிறவர்கள் நாங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதற்குக் காரணமான அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான், இலங்கையின் தென்மேற்குக் கரையில் மே மாதத்திலிருந்தே கடலைக் கிளறி மணலையும் சேற்றையும் மேலே எழுப்புகிறது. அங்கே கடல் தெளிந்து அலைகள் ஒழுங்காக வருவது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் வாடைக்காற்று அடிக்கும் கிழக்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கரை தெளியும். சர்ஃபிங்குக்குப் பெயர்பெற்ற அறுகம்பையும், புறாத் தீவில் ஸ்நார்க்கெலிங் செய்யத் தங்குமிடமான நிலாவெளியும் கிழக்குக் கரையில்தான் இருக்கின்றன. நாங்கள் போன அதே வாரத்தில் அங்கே போயிருந்தால் கடலும் கைகொடுத்திருக்கும், பேச்சுக்குத் தமிழும் கிடைத்திருக்கும்.

நம் கரையிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் அழைக்கும் பாம்பன் மீனவர்களைக் கேட்டால், ஒன்று பொங்கும்போது மற்றொன்று அடங்கும் என்பதை ஆண்டின் எந்த மாதத்துக்கும் கணக்காகச் சொல்லிவிடுவார்கள். விளம்பரத் தாள்களில் மட்டும் எல்லாக் கடலும் எல்லா மாதமும் நீலமாகவே இருக்கிறது.

பயணம் முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். என் மகளுக்குச் சர்ஃபிங் கற்றுத்தர வந்த இளைஞர் முதல் நாள் அவளைத் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. பலகையை மணலில் கிடத்தி, குப்புறப் படுத்துக் கைகளால் துடுப்பிடுவதையும் துள்ளி எழுந்து நிற்பதையும் நாற்பது, ஐம்பது முறை செய்ய வைத்தார். பிறகு கடலைக் காட்டி, எங்கே இறங்கலாம் என்று கேட்டார். இருபுறமும் அலைகள் உடைந்து நுரைக்க, நடுவே நுரையில்லாமல் அமைதியாக இருண்டு கிடந்த ஒரு பட்டையை அவள் காட்டினாள்; நானும் அதைத்தான் காட்டியிருப்பேன். அங்கேதான் இறங்கக் கூடாது என்றார் அவர். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த நீரெல்லாம் திரும்பக் கடலுக்குள் ஓடும் வழி அது. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுவையைவிட்டு வெளியேற வேண்டும். குளிருக்கு அஞ்சிக் குளத்தில்கூட இறங்காமல் வளர்ந்த மலைப் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்?

வானத்தைப் பார்த்து ஆபத்தை ஊகிப்பது எங்கள் பழக்கம். மேகம் கீழிறங்கினால் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். கடலில் அந்தக் கணக்கு உதவாது. தென் இந்தியப் பெருங்கடலில் பல ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் வீசிய புயல் கிளப்பிய நெடிய அலைகள், இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையேறும். கேரள மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தது அத்தகைய எச்சரிக்கை நடப்பிலிருந்த நேரத்தில்தான். எச்சரிக்கையை ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முறையாகவே வெளியிடுகிறது. விடுமுறைக்கு மலையிலிருந்தும் உள்மாவட்டங்களிலிருந்தும் கிளம்புகிறவர்களின் கண்ணில் அது படுவதில்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது இரண்டே. சுற்றுலாப் பக்கத்தில் கடலோர ஊர் எதைப் பரிந்துரைத்தாலும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை அங்கே கடலில் இறங்கலாம் என்பதை ஊர்ப் பெயருக்கு அருகிலேயே அச்சிடுங்கள். அடுத்து, மழைக்காலத்தில் அவலாஞ்சி, கூடலூர், தேவாலா மழையளவையும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் நாள்தோறும் தருவதைப்போல, ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல், பேரலை எச்சரிக்கைகளையும் முதல் பக்கத்தில் இரண்டு வரியில் தாருங்கள். அடுத்த மே மாதம் பொத்துவில் வழியாக அறுகம்பைக்குப் போகலாம் என்று என் மகள் இப்போதே நச்சரிக்கிறாள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பு அந்த இரண்டு வரியைத்தான் தேடுவேன்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி.