ரூத்தைப் பற்றி வித்யாவுக்கு

அன்புள்ள வித்யா,

போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையுமா மீட்டிங்? சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினால் நடுவில் கட் பண்ண முடியாதல்லவா.

மாடி அலமாரியை ஒழித்தபோது நீ விட்டுப்போன நாவல்களில் ஒன்றைக் கீழே எடுத்து வந்தேன். கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ'. 2017-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த சமயம் நீ அடம்பிடித்து வாங்கியது. அகராதியும் கையுமாக நான் படிப்பதைப் பார்த்து அப்பா, "எந்தப் பரீட்சைக்கு?" என்றார். மோட்டார் விஷயத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அதுதான்.

ஹெய்ல்ஷாம் என்கிற அந்த விடுதிப் பள்ளியில், உறுப்புகளை எடுப்பதற்காகவே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். எனக்கு அங்கே படிக்கிற சிநேகிதிகள் ரூத்தும் கேத்தியும்தான் தூக்கத்தைக் கெடுத்தார்கள்.

சின்ன வயதில் ரூத் ஒரு ரகசியப் படை வைத்திருப்பாளே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் டீச்சர் மிஸ் ஜெரால்டினை யாரோ கடத்தப்போகிறார்களாம், இவர்கள் காப்பாற்றப்போகிறார்களாம். படையில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பதெல்லாம் ரூத் வைத்ததுதான் சட்டம். அவளுக்கு செஸ் தெரியும் என்று நம்பி கேத்தி போர்டு வாங்கிவந்து, சொல்லிக்கொடு என்கிறாள். ரூத் வாய்க்கு வந்த விதியைச் சொல்கிறாள். இவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போகிறாள். அவ்வளவுதான் குற்றம். படையில் கேத்திக்கு இடம் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. அப்புறம் மொய்ரா என்கிற பெண் வந்து "அந்தப் படையே அசட்டுத்தனம்" என்று சொல்லும்போது, கேத்தி அவள்மேல் பாய்கிறாள் பார், அங்கேதான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். தன்னைத் துரத்திவிட்டவளுக்காக இன்னொருத்தியோடு சண்டை!

ரூத்தைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை சுலபம். அப்படியும் இல்லை. கேத்தியின் பாட்டு கேசட் தொலைந்தபோது, தேடித் தேடிக் கிடைக்காமல், வேறொரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறவளும் அவள்தான். அந்த ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு பத்து காயத்தை மறக்கலாம். கேத்தி மறக்கிறாள். நீயும் மறப்பாய், உனக்கு அந்த மனசு. சின்னதிலேயே உன் ஜியாமெட்ரி பாக்ஸை வகுப்பில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவாய். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். கொடுக்கிற கை சரி. கேட்டு வாங்கவும் ஒரு கை வேண்டாமா?

டாமி விஷயம் இன்னும் மோசம். அதே பள்ளிப் பையன் அவன், ரூத்தோடு சுற்றுகிறான், பிரிகிறான். அடுத்து நாம்தானோ என்று கேத்திக்கு ஓர் எண்ணம் ஓடும்போதே, ரூத் வந்து "எங்களைச் சேர்த்துவை" என்கிறாள். இவளும் தூது போகிறாள். பிறகு, பள்ளி முடிந்து போய்த் தங்குகிற காட்டேஜில், டாமி ஆசையாக வரையும் மிருகங்களைப் பார்த்துக் கேத்தியும் சிரித்தாள் என்று, கேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவனிடம் போட்டுக்கொடுக்கிறாள். இவளால் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் ஒரு ராத்திரி இரண்டு பேரும் சிரித்தது நிஜம். நிஜத்தில் கொஞ்சம் எடுத்துச் செய்கிற காரியம், பொய்யைவிடக் கெட்டி. பல வருஷம் கழித்து, உடம்பு தளர்ந்த பிறகு, உங்கள் இரண்டு பேரையும் பிரித்து வைத்தது நான்தான் என்று ரூத்தே ஒப்புக்கொள்கிறாள். அப்போது யாருக்கும் அதிக நாள் பாக்கி இல்லை.

இதையெல்லாம் 31 வயதில் கேத்தி சொல்கிறாள். சொல்கிற தோரணைதான் என்னை உலுக்கியது. கோபமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ரூத் பக்கம் நின்று ஒரு சமாதானம். "அவ அப்படித்தான்மா, மனசுல ஒண்ணும் வச்சுக்கமாட்டா." இது புத்தகத்தில் இல்லை. ஆனால் படிக்கப் படிக்கக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் யாரையும் சொல்லவில்லை. கதையைச் சொல்கிறேன்.

அதே அலமாரியில் ஜான் நோல்ஸின் 'எ செபரேட் பீஸ்' இருந்தது, அதையும் படித்தேன். 1942 கோடை, அமெரிக்க விடுதிப் பள்ளி, உயிர் நண்பன் மரத்தில் நிற்கும்போது ஜீன் கிளையை உலுக்கிவிடுகிறான். ஃபின்னி விழுகிறான், கால் முறிகிறது. கொடுமைதான், ஆனால் கண்ணால் பார்க்கிற கொடுமை, டாக்டர் வருகிறார். ரூத் செய்வதற்கு எந்த டாக்டரிடம் போவது?

ஹாஸ்டலில் அடித்தவளும் அழுதவளும் ஒரே ரூமில் படுக்கவேண்டும், காலையில் ஒரே பெஞ்சில் சாப்பிடவேண்டும். சமாதானமாகப் போகாமல் எப்படி? ஹெய்ல்ஷாம் பிள்ளைகளுக்குத் தாயும் இல்லை, திரும்பிப் போக வீடும் இல்லை. உனக்கு ராத்திரி பஸ் ஏறினால் காலையில் திருமங்கலம். வேலைக்குப் போன பிறகும் காலேஜ் ரூம்மேட்டோடுதான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோமதி அத்தை விஷயம் உனக்கே தெரியும், நான் எழுதவேண்டியதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. போட்டோவில் ஓரமாக நிற்கிற பையன் யார் என்று நான் கேட்கவில்லை. நடுவில் அவள் நிற்கிறாளே, எல்லாப் போட்டோவிலும், அதையும் கேட்கவில்லை. முடி கொட்டுகிறது போலிருக்கிறது, எண்ணெய் வை. ப்ரமோஷன் விஷயத்தை உன் மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்.

சித்தப்பா சனிக்கிழமை பெங்களூர் வருகிறார். பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் முறுக்கு. பொடி உனக்கு மட்டும். போன தடவை மாதிரி டப்பாவோடு தூக்கிக் கொடுத்துவிடாதே. அவர் வரும்போது நீ வீட்டில் தனியாக இருந்தால் நல்லது, அவரிடம் கொஞ்சம் பேசவேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். இன்னொன்று: போன மாதம் அட்வான்ஸுக்கு என்று வாங்கினாயே, அந்த அக்ரிமென்டில் யார் பேர் இருக்கிறது? உன் பேர் இல்லையென்றால் சனிக்கிழமைக்குள் எழுது. அப்பாவுக்குத் தெரியவேண்டாம், என் நம்பருக்கே அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா