சைனீஸ் படம் போடுற ஃபிலிம் சொசைட்டி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. பதினஞ்சு பேர் வந்தாலும் சரி அம்பது பேர் வந்தாலும் சரி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ப்ரொஜெக்டரைத் தூக்கிட்டு வந்து படம் காட்டுறீங்க, நான் சைனீஸ் சினிமா பாக்க ஆரம்பிச்சதே அப்படி ஒரு ஹால்லதான். அந்த உரிமையிலதான் எழுதுறேன்.

போன வருஷம் ஒரு ஊர்ல சீன டைரக்டர் சாங் யிமோவோட 'டு லிவ்' போட்டாங்க, ஃபூகுய்ங்கற ஒருத்தனோட குடும்பம் சீனாவோட கொந்தளிப்பான வருஷங்களைத் தாண்டி வர்ற கதை. படம் முடிஞ்சு லைட் போட்டதும் ஒருத்தர் எந்திரிச்சு, சீன வரலாறு மொத்தமும் ரெண்டு மணி நேரத்துல புரிஞ்சுபோச்சுன்னாரு, நடத்துனவங்களும் தலையாட்டி நன்றி சொல்லி கூட்டத்தை முடிச்சிட்டாங்க. பேச்சே இல்ல. எனக்கு மனசே ஆறல.

ஏன்னா அந்தப் படத்துல எது இருக்குங்கறதோட எது இல்லைங்கறதையும் பாக்கணும். படம் 40கள், 50கள், 60கள்னு பிரிச்சுப் போகும். 1958ல அரசாங்கம் சொல்லுச்சுன்னு வீட்டுல இருக்கற சட்டி முதக்கொண்டு உருக்கி ஸ்டீல் பண்றாங்க, பொது சாப்பாட்டுக்கூடத்துல எல்லாரும் வயிறாரத் திங்கறாங்க, அப்புறம் நேரா 1966ல மாவோ ஆரம்பிச்ச கலாச்சாரப் புரட்சிக்குத் தாவிடும். நடுவுல 1959லருந்து 61 வரைக்கும் ஒரு பெரும் பஞ்சம், கோடிக்கணக்குல சனம் செத்துச்சு, அது படத்துல ஒரு காட்சியாக்கூட இல்ல. இந்தப் படத்துக்கு மூலமான, யூ ஹுவா எழுதுன நாவல்ல அந்தப் பசி இருக்கு. நாவல் முடியறப்ப ஃபூகுய்ங்கற கிழவனும் ஒரு கிழட்டு மாடும்தான் மிச்சம், படத்துல பொண்டாட்டி, மருமகன், பேரன்னு குடும்பமே பக்கத்துல உக்காந்திருக்கும். இவ்வளவு மென்மையாக்கியும் 1994ல கான்ஸ் திரைப்பட விழாவுல பரிசு வாங்குன அந்தப் படத்தை சீனாவுல ரிலீஸ் பண்ண விடல. இதச் சொல்லாம படத்தை மட்டும் போட்டா பாக்குறவங்களுக்குப் பாதிதானே போய்ச் சேருது?

ஆனா அதே படத்துல என்னை உலுக்குன இடமும் ஒண்ணு இருக்கு. கோழிக்குஞ்சு வளந்து வாத்தாகும், வாத்து ஆடாகும், ஆடு மாடாகும்னு ஃபூகுய் மகனை முதுகுல தூக்கிட்டு சொல்லுவான், மாட்டுக்கு அப்புறம் என்னன்னு பையன் கேப்பான், கம்யூனிசம்னு பதில் வரும். கடைசியில பேரனுக்கும் அதே கதைதான், ஆனா இப்ப மாட்டுக்கு அப்புறம் கம்யூனிசம் கிடையாது, பேரன் பெரியவனாவான், ரயில்லயும் ஏரோப்ளேன்லயும் போவான், அவ்வளவுதான். ஒரே ஒரு சொல்ல எடுத்துட்டாங்க, நடுவுல போன வருஷங்கள்ல ஒரு சனம் எதை நம்புச்சு எதை விட்டுச்சுன்னு அதுலயே தெரிஞ்சிடும். இந்த இடத்தை நிறுத்திப் பேசணுங்க.

இதுகூடவே இன்னொரு சீன டைரக்டர் தியென் சுவாங்சுவாங்கோட 'ப்ளூ கைட்' போடுங்க. 1957ல கட்சிக்கு எதிரானவங்கன்னு ஆளுங்களைப் பிடிச்சு வலதுசாரின்னு முத்திரை குத்துன இயக்கம் இருக்குல்ல, அஞ்சரை லட்சம் பேர் மாட்டுனது, அதைக் காட்டுற ஒரு லைப்ரரி மீட்டிங் படத்துல வரும். இத்தனை வலதுசாரியைக் காட்டணும்னு மேலிருந்து கணக்கு வந்திருக்கு, ஆள் பத்தல. அங்க வேலை பாக்குற, கதைநாயகப் பையனோட அப்பா பாத்ரூம் போயிட்டுத் திரும்பி வர்றாரு, எல்லாரும் அவரையே பாக்குறாங்க. முடிஞ்சுது, அவர் லேபர் கேம்ப் போயி திரும்பவே மாட்டாரு. கத்தல் இல்ல, அடிதடி இல்ல, ஒரு நாட்டோட கணக்கு ஒரு வீட்டுக்குள்ள எப்படி நுழையுதுன்னு இதவிடத் தெளிவா நான் எங்கயும் பாத்ததில்ல. 1993ல டோக்கியோ விழாவுல இதைத் திரையிட்டாங்கன்னு சீன அரசுக் குழு வெளிய போச்சு, படம் பெரிய பரிசு வாங்குச்சு, டைரக்டருக்கு சொந்த நாட்டுல தடை விழுந்துச்சு.

தியென் 2002ல திரும்ப டைரக்ட் பண்ண வந்தப்ப எடுத்தது எது தெரியுமா, ஃபெய் மு 1948ல எடுத்த 'ஸ்ப்ரிங் இன் எ ஸ்மால் டவுன்' படத்தோட ரீமேக். அஞ்சே பாத்திரம், இடிஞ்ச கோட்டைச் சுவர், நோயாளிப் புருஷன், பழைய காதலன், அவ்வளவுதான் கதை. புரட்சிக்கு உதவாதுன்னு பல வருஷம் ஒதுக்கி வச்ச படம், 2005ல ஹாங்காங் விருதுக்காரங்க நூறு சீனப் படத்தைத் தேர்ந்தெடுத்தப்ப முதலிடத்துல வச்சாங்க. நாம பெரும்பாலும் 80கள், 90கள் படத்தையே சுத்திச் சுத்திப் போடுறோம், அதுக்கு முன்னாடி ஷாங்காய்ல ஒரு பெரிய சினிமாவே இருந்துச்சுங்கறது வர்ற இளம்பசங்களுக்குத் தெரியறதே இல்ல.

இன்னொண்ணு, சீனப் படை அமெரிக்கப் படையோட மோதுன கொரியப் போரைப் பத்தி 2021ல வந்த 'லேக் சாங்ஜின்' மாதிரி படத்தை பிரச்சாரம்னு தள்ளாதீங்க. 570 கோடி யுவானுக்கு மேல வசூல் பண்ணுச்சு, அங்க இத்தனை பேர் தியேட்டர்ல பாக்குற வரலாறு எதுன்னு நாமளும் பாக்க வேணாமா? பிடிக்காட்டியும் பாக்கணும்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. போஸ்டர்ல ரெண்டு வருஷம் போடுங்க, கதை நடக்குற வருஷம் ஒண்ணு, படம் எடுத்த வருஷம் ஒண்ணு. அப்ப சீனாவுல அதைத் தியேட்டர்ல பாக்க முடிஞ்சுதான்னு ஒரு வரி. படம் முடிஞ்சு அரைமணி நேரம் ஹாலைப் பூட்டாதீங்க. படத்தோட பின்னணியைச் சொல்ற நோட்ஸை ஒவ்வொரு படத்துக்கும் தமிழ்ல நானே எழுதித் தரேன், ஜெராக்ஸ் செலவும் என்னோடது, எந்தப் படம்னு ஒரு வாரம் முன்னாடி சொன்னாப் போதும்.