கைரேகை அங்கத்தவரிடமே இருக்கட்டும்: வன்னிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலுள்ள பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களினதும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களினதும் மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் இயக்குநர் சபையினருக்கும்,

வணக்கம்.

சங்கக் கடையில் அங்கத்தவர் விரலை வைத்தோ உள்ளங்கையைக் காட்டியோ கணக்குத் தீர்க்கலாம், நெற்களஞ்சியத்தின் கதவும் அதே கைக்குத் திறக்கும் என்று சொல்லி விற்கப்படும் பயோமெட்ரிக் கருவிகள் இன்றில்லாவிட்டாலும் நாளை உங்கள் மேசைக்கு வரும். அவற்றை வாங்கவே வேண்டாம் என்று கேட்க நான் இம்மடலை எழுதவில்லை. வாங்குவதானால், அங்கத்தவரின் கைரேகையைச் சங்கத்தின் கணினியிலோ விற்பனை நிறுவனத்தின் கணினியிலோ சேர்த்து வைக்காமல், அவர் வைத்திருக்கும் அட்டைக்குள் அல்லது கைத்தொலைபேசிக்குள் மட்டும் வைத்திருக்கும் வகையை வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கடை மேசையில் பார்க்கும்போது இரண்டு வகையும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில், பதிவின்போது விரலின் அமைப்பு எண்வடிவ அச்சாக மாற்றப்பட்டு ஓரிடத்தில் சேமிக்கப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு முறையும் விரல் அந்தச் சேமிப்போடு ஒப்பிடப்படுகிறது. இரண்டாவது வகையில் விரலுணரி அட்டையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். கடையிலுள்ள வாசிப்பான் 13.56 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையைப் பரப்ப, சில சென்ரிமீற்றர் தூரத்துக்குள் வரும் அட்டை அந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சக்தியைப் பெற்றுக்கொள்வதால், அட்டைக்குள் மின்கலம் வைக்க வேண்டிய தேவையும் இல்லை. அட்டை தன் உரிமையாளரின் விரலைத் தனக்குள்ளேயே சரிபார்த்து, அந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் செல்லுபடியாகும் மறைகுறியீட்டை அனுப்புகிறது. கைரேகை வெளியே போவதில்லை. மாஸ்டர்கார்டு நிறுவனம் 2017 இல் தென்னாபிரிக்காவில் விரலுணரி பொருத்திய அட்டையைப் பரீட்சித்தது. 2014 இல் அறிமுகமான ஆப்பிள் பே முறையிலும் விரலின் பதிவு தொலைபேசியை விட்டு வெளியேறுவதில்லை.

விற்பனையாளர் அட்டையே தேவையில்லை என்பதைப் பெரிய வசதியாகச் சொல்லக்கூடும். அங்கேதான் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. அட்டை இருந்தால், 'இவர் இந்த அட்டைக்குரியவர்தானா' என்ற ஒரே கேள்விக்குப் பதில் கண்டால் போதும். வெறுங்கையோடு வருபவரையோ கருவி அங்கத்தவர் அனைவரின் பதிவோடும் ஒப்பிட்டு யாரென்று தேடவேண்டும். ஆப்பிள் நிறுவனம் தன் டச் ஐடி விரலுணரியை அந்நியர் ஒருவரின் விரல் ஏமாற்றுவதற்கான வாய்ப்பை 50,000 இல் ஒன்று எனக் கூறியிருந்தது. அதே துல்லியமுள்ள உணரி 5,000 அங்கத்தவர் பதிவுகளுக்குள் தேடினால், ஓர் அந்நியரின் விரல் யாரோ ஒருவருடைய கணக்கோடு தவறாகப் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிவிடும். உள்ளங்கை நாளங்களைப் படிக்கும் கருவிகள் இதைவிடத் துல்லியமானவை என்பது உண்மை. ஆயினும் பதிவு கூடக்கூடத் தவறும் கூடும் என்ற விதி அவற்றுக்கும் பொருந்தும்.

அடுத்து, நம் மக்களின் கைகள். கொள்ளளவு விரலுணரி, தோலின் மேடுகளும் பள்ளங்களும் தகட்டிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் உண்டாகும் நுண்ணிய மின்வேறுபாட்டை அளந்தே ரேகையை வரைகிறது. சீமெந்து அரித்த மேசனின் விரலிலும், கரைவலைக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரலிலும், பனையேறும் சீவல் தொழிலாளியின் விரலிலும், சோளகக் காற்றில் வறண்டு வெடித்த விரலிலும் அந்த மேடு பள்ளம் தெளிவாக இருப்பதில்லை. நூறில் ஒருவரின் விரல் வாசிக்கப்படவில்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டாயிரம் அங்கத்தவருள்ள சங்கத்தில் அது இருபது பேர். அதிர்ஷ்டச் சீட்டைப்போல இன்று ஒருவர், நாளை இன்னொருவர் என்று அது மாறிமாறி விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்த இருபது பேரே மீண்டும் மீண்டும் வரிசையில் நிறுத்தப்படுவார்கள். அவர்கள் உடலுழைப்பாளிகளும் முதியவர்களுமாகவே இருப்பார்கள். போரில் விரலையோ கையையோ இழந்தவர்களைப் பற்றி வன்னியில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விரலட்டையும் இந்தக் குறையைத் தீர்க்காது என்பதால், இரகசிய இலக்கத்தால் பணம் செலுத்தும் வழி அதே மேசையில், அதே வரிசையில், யாருடைய கையெழுத்தும் தேவைப்படாமல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

சேமித்து வைத்த ரேகை களவு போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2015 இல் அமெரிக்க அரசின் ஆளணி முகாமைத்துவ அலுவலகத்திலிருந்தே 56 இலட்சம் பேரின் கைரேகைகள் திருடப்பட்டன. ஜப்பானிய ஆய்வாளர் சுடோமு மட்சுமோட்டோவின் குழு, சமையலுக்குப் பயன்படும் ஜெலட்டினால் செய்த போலி விரலைக்கொண்டு பல விரலுணரிகளை ஏமாற்றலாம் என்று 2002 இலேயே காட்டியது. இரகசிய இலக்கத்தை மாற்றலாம், பெருவிரலை மாற்றுவதெப்படி? முகாம்களிலும் மீள்குடியேற்றத்தின்போதும் திரும்பத் திரும்பப் பதியப்பட்ட மக்கள் நாங்கள்; ஒரு தேவைக்காகத் திரட்டிய பதிவேடு வேறொரு கைக்குப் போகலாம் என்ற அச்சத்தை மிகையென்று ஒதுக்கிவிட எங்களால் முடியாது.

எதிர்த்தரப்பின் வலுவான நியாயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2011 ஆழிப்பேரலையில் அட்டையும் வங்கிப் புத்தகமும் இழந்தவர்கள் தம் பணத்தையே எடுக்க முடியாது தவித்ததைக் கண்ட ஜப்பானின் ஓகாக்கி கியோரிட்சு வங்கி, 2012 இல் உள்ளங்கையால் இயங்கும் தன்னியக்கப் பண இயந்திரங்களை அறிமுகப்படுத்தியது. 2004 இல் கடலிடமும் 2009 இல் போரிடமும் எல்லா ஆவணங்களையும் இழந்த முல்லைத்தீவு மக்களுக்கு இந்த நியாயத்தின் கனம் புரியும். ஆனால் அந்த வங்கியும் கையை மட்டும் நம்பவில்லை. பிறந்த திகதியையும் இரகசிய இலக்கத்தையும் சேர்த்தே கேட்டது. தொலைந்த அட்டையைக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு விரைவாக மீள வழங்கும் ஒழுங்கைச் செய்துகொள்வது, எல்லோருடைய கையையும் ஒரு கணினியில் அடைத்து வைப்பதைவிடச் சிறிய வேலை என்பது என் கருத்து.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பயோமெட்ரிக் தரவை, கூடுதல் பாதுகாப்பு வேண்டிய சிறப்பு வகைத் தரவுகளுள் ஒன்றாக வகுத்திருக்கிறது. ஆகவே கருவி விற்பவரிடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள்: ரேகை எங்கே சேமிக்கப்படுகிறது, அங்கத்தவர் விலகினாலோ இறந்தாலோ அது எப்படி, எத்தனை நாளில் அழிக்கப்படும், நிறுவனம் கைமாறினால் அது யாருடையது. களஞ்சியக் கதவுக்குப் புளூடூத் பூட்டு பரிந்துரைக்கப்பட்டால், தொலைபேசி அருகிலிருப்பதை மட்டும் கண்டு அது திறக்குமா என்றும் கேளுங்கள். தூரத்திலுள்ள தொலைபேசியின் வானொலிச் சைகையை இடைநின்று பூட்டுவரை கடத்தி, அத்தகைய பூட்டுகளை ஆய்வாளர்கள் திறந்துகாட்டியிருக்கிறார்கள்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அதன் தமிழாக்கத்தை அங்கத்தவர் பொதுக்கூட்டத்தில் முழுவதுமாக வாசித்து, வாக்கெடுத்த பின்னரே கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
கூட்டுறவுச் சங்க அங்கத்தவர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.