லோடு வண்டி ஓட்டுறவங்க கவனத்துக்கு

வணக்கம். நேற்று ஆத்தங்குடியில் என் குட்டியானையில் தளக்கல்லை எல்லாம் பின்கதவை ஒட்டியே அடுக்கிவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. நெஞ்சு பதறிவிட்டது.

தம்பிகளா, பாரம் பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக இருக்கட்டும். கயிறு போட்டு இறுக்குங்கள். டயர் சூடாகும் முன்னே காற்றழுத்தம் பாருங்கள். சரக்கின் மேல் ஆள் ஏற்றவே வேண்டாம், வீட்டு ஆட்களே கேட்டாலும்.

அப்புறம், தைப்பூசம் வருகிறது. குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் விடியுமுன்னே இருட்டில் சாலையோரம் வருவார்கள். பெரியவர்கள், பெண்கள் எல்லாம் இருப்பார்கள். வேகத்தைக் குறைத்து, ஹைபீமைத் தணித்து, நன்றாக ஒதுங்கிப் போங்கள். தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள், மாற்று ஓட்டுநரை அனுப்புகிறேன்.