ஓர் இன்குபேட்டருக்குத் தடையில்லா மின்சாரம் வேண்டி

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். விடுமுறை நாள்களில் ஆய்வகக் கட்டடங்களின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் சுற்றறிக்கை தாங்கள் அனுப்பியதுதான். சென்ற மாதம் அதன்படி மின்சாரம் நின்று, நாங்கள் ஆய்வுக்காக வளர்த்த நுண்ணிய மண்வாழ் உயிர்கள் மடிந்ததையும் தாங்கள் அறிவீர்கள். ஆகவே திங்கட்கிழமை காலை நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

வெப்பநிலையைச் சீராக வைத்திருக்க வேண்டிய பெட்டியான இன்குபேட்டரைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கரித்தூளும் கலந்து பெட்ரி தட்டுகளில் நாங்கள் வார்த்திருந்த கரிய தளம் காய்ந்து வெடித்திருந்தது. உணவாக இட்டிருந்த ஈஸ்ட் துகள்களைச் சுற்றி, 3 மில்லிமீட்டரைத் தாண்டாத வெள்ளை உடல்கள் சுருண்டு ஒட்டிக் கிடந்தன. தொட்டால் துள்ளி ஓட வேண்டியவை, ஒன்றுகூட அசையவில்லை.

இறக்கையும் கண்ணும் இல்லாமல் மண்ணுக்குள் வாழும் ஃபோல்சோமியா கேண்டிடா என்னும் ஸ்பிரிங்டெயில்கள் அவை. மண்ணின் நச்சுத்தன்மையை அறிய இவற்றைப் பயன்படுத்தும் முறைக்கு 1999இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் தரநிலையும், 2009இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் வழிகாட்டு நெறியும் வந்தன. 20 டிகிரி செல்சியஸில் 28 நாள்கள் மண்ணில் விட்டு, பிறகு நீரூற்றி, மிதந்து வரும் குஞ்சுகளை எண்ண வேண்டும். வெள்ளை உடல்கள் கண்ணுக்குத் தெரிவதற்காக நீரில் சில சொட்டு மை விடுவோம். கொடுங்கையூர்க் குப்பைமேட்டருகே எடுத்து அதே இன்குபேட்டரில் வைத்திருந்த மண்ணில் எத்தனை குஞ்சுகள் பிறந்தன என்று எண்ண எனக்கு இன்னும் 6 நாள்களே இருந்தன.

அந்த ஓர் இன்குபேட்டரை ஜெனரேட்டர் இணைப்பில் சேர்த்துத் தாருங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தோம். இழப்பைச் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்குச் சென்றபோது, “பூச்சிதானே, மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். இன்றைய வகைப்பாட்டில் இவை பூச்சிகளே அல்ல என்பதைக்கூட விட்டுவிடுகிறேன். சோதனைக்கு விடுபவை அனைத்தும் 9 முதல் 12 நாள் வயதுடைய குஞ்சுகளாக இருக்க வேண்டும். தோட்டத்தில் தோண்டி அவற்றைப் பெற முடியாது. ஆணின்றியே பெருகும் இந்தப் பெண் உயிர்களை வேறோர் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, முட்டையிடச் செய்து, பொரிக்கும்வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் உதவித்தொகையோ அதுவரை காத்திருக்காது. எலிகள் உள்ள கூடத்துக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, அது தேவையானதே. கண்ணுக்குச் சிறியவை என்பதால் எங்கள் உயிர்களுக்கு அது மறுக்கப்படுவது நியாயமில்லை.

மின்சாரத்தைச் சேமிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன்பாவது அந்த ஓர் இன்குபேட்டருக்கு ஜெனரேட்டர் இணைப்பு தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி,
சென்னை