தொப்பூரில் ஈரத்துண்டு போட்ட ஐயாவுக்கு

போன சித்திரையில், நல்ல உச்சி வெயிலில், சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர் ஏற்றத்தில் எங்கள் பத்மினி கார் நின்றுவிட்டது. அப்பா 1979-ல் வாங்கிய வண்டி. அப்பாவும் கூட இருந்தார்.

டிவிஎஸ் 50-ஐ ஓரம் கட்டிவிட்டு வந்தீர்கள். "ஒண்ணுமில்ல தம்பி, சூட்டுல பெட்ரோல் ஆவியாயிருக்கும். ஆவிய பம்பு இழுக்காது" என்றீர்கள். தோளில் கிடந்த துண்டை நனைத்து, இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பின் மேல் போட்டீர்கள். துண்டிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. அப்புறம் பம்பின் அடியில் உள்ள சின்ன லீவரை விரலால் நாலைந்து முறை அடித்தீர்கள்.

சூடு தணியக் காத்திருந்த அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குப் பெரிது. வாடகைக்கு இதே வண்டி ஓட்டியிருக்கிறீர்களாம். 1089 சிசி, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர், மார்கழிக் காலையில் சோக்கை இழுத்ததும் எழும் அந்தச் சத்தம் என்று பேச்சு நீண்டது. பக்கவாதத்துக்குப் பிறகு அதிகம் பேசாத அப்பா, இரண்டாவது கியர் விழும் இடத்தை உங்களுக்குக் கையை அசைத்துக் காட்டினார். சிரிக்கவும் செய்தார்.

முதல் செல்ஃபிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை, மன்னியுங்கள்.

துண்டு எங்களிடமே தங்கிவிட்டது, ஐயா. துவைத்து டிக்கியில் வைத்திருக்கிறேன். அப்பா இன்னும் உங்களை விசாரிக்கிறார். மிக்க நன்றி.