தையல்காரரின் கை ஏன் ஓடவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த திருப்பூர் பின்னலாடைக் கட்டுரையில், ‘சம்பளம் ஏறிய அளவுக்குத் தையல்காரர்களின் கை ஓடவில்லை’ என்று ஒரு வரி. தங்கள் இதழிலா இப்படி என்று மனம் வருந்தியது.

பீஸ் ரேட்டில் தைத்த பீஸுக்குத்தான் காசு என்பது தாங்கள் அறியாததல்ல. கட்டிங்கிலிருந்து வெட்டிய துணிக் கட்டு (பண்டல்) வரத் தாமதமானாலும், கழுத்துப் பட்டியான ரிப்பின் நிறம் உடல் பகுதித் துணியோடு சேராமல் திரும்பிப் போனாலும், மெக்கானிக் வரும்வரை, விளிம்பு தைக்கும் ஓவர்லாக் மெஷின் நின்றாலும் அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. மழுங்கிய ஊசியை மாற்றாமல் ஓட்டினால் கண்ணி அறுந்து துணியில் ஓட்டை விழும். செக்கிங்கில் திரும்பிய பீஸைப் பிரித்துத் தைக்கும் நேரமும் தையல்காரர் தலையில்தான். ஸ்டைல் மாறினால் கை பழகும்வரை எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும். 10,000 பீஸ் ஆர்டரில் அந்த இழப்பைப் பின்னால் பிடித்துவிடலாம். 500 பீஸ் ஆர்டரில் கை பழகும்போது ஆர்டரே முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே ரேட் போட்டால் சின்ன ஆர்டரை யார் மனம் வைத்துத் தைப்பார்கள்?

தையல்காரருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்த பெண் பத்து வருடம் கழித்தும் கைமடியிலேயே இருக்கிறார். மெஷின் பழக அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுக்க ஆளில்லை. ஓவர்லாக், பிளாட்லாக், பவர் டேபிள் என்ற மூன்று வகைத் தையல் மெஷினும் ஓட்டத் தெரிந்தவர்தான் ஆள் வராத நாளில் லைனை, அதாவது வரிசையாக வேலை நகரும் மெஷின் வரிசையை, காப்பாற்றுகிறார். பீஸ் ரேட் இல்லாமல் ஷிப்ட் கணக்கில் சம்பளம் தரும் பல இடங்களில், ஒரு மெஷின் மட்டும் தெரிந்தவருக்கும் அவருக்கும் ஒரே சம்பளம். அப்புறம் எதற்கு இன்னொரு மெஷின் கற்க வேண்டும்?

ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டியவருக்கு அது கைக்கு வருகிறதா என்று கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். தீபாவளிக்குக் கணக்கு முடித்து மறுபடி புது ஆளாகச் சேர்த்தால், பணிக்கொடைக்கு வேண்டிய 5 வருட சர்வீஸ் எப்படிச் சேரும்? இதையெல்லாம் விட்டுவிட்டுக் கையைக் குறை சொல்வது நியாயமில்லை ஐயா.

அடுத்த முறை எழுதும்போது, ஒரே ஒரு லைனில் பண்டலுக்காகவும் மெக்கானிக்குக்காகவும் ஒரு வாரம் காத்திருந்த நேரத்தைக் குறித்து வாங்கி, அந்தக் கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருப்பூர்.